ஏற்றத்தில் மட்டும் வெட்டும் டர்போ கார்: பிளக்கை எப்போது மாற்ற வேண்டும்?

ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறத் தொடங்கியதும் கார் வெட்டியது. மூன்றாவது கியர், 2,000 ஆர்.பி.எம்., உள்ளே நான்கு பேர், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வளைவு திரும்பி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தது போல ஒரு வெட்டு. காலைத் தளர்த்தினால் நின்றுவிடும். 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதைதான். மறுநாள் கோவையில் வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து விட்டேன். தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது.

மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் பாகம்) பெட்ரோல் என்ஜின். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "டர்போ போயிடுச்சு சார், இறக்கிப் பார்க்கணும்" என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். டர்போவில் எந்தக் கோளாறும் இல்லை. பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி விடும் ஸ்பார்க் பிளக்குகளின் முனைகள் தேய்ந்து, அவற்றின் இடைவெளி அகன்றிருந்தது, அவ்வளவுதான். இதே போல டர்போ மீது பழி போட்டு, பிளக் செலவில் முடிய வேண்டியதைப் பெரிய செலவாக்கிக்கொண்ட இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். அதனால் எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது என்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றது எல்லாம் எளிது. பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவில் இருக்கும் காற்று எவ்வளவு அடர்த்தியோ, அதைத் தாண்டிப் பொறி பாய அவ்வளவு அதிக மின்னழுத்தம் வேண்டும். இடைவெளி அகன்றாலும் அப்படித்தான். ஐடிலில், அதாவது மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் இருப்பது அரைகுறை வெற்றிடம். வெளிக்காற்று அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். டர்போ முழு பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) கொடுக்கும்போது அதே இடத்தில் வெளிக்காற்றைப் போல இரு மடங்கு அழுத்தம் வந்துவிடலாம். அதாவது ஐடிலை விட ஐந்தாறு மடங்கு காற்று சிலிண்டருக்குள் திணிக்கப்படுகிறது. தேய்ந்த பிளக்குக்கு ஐடிலில் பொறி விடுவது ஒரு வேலையே இல்லை. பூஸ்ட் ஏறும்போதுதான் பிளக்கின் தலையில் இருக்கும் இக்னிஷன் காயில் தரும் மின்னழுத்தம் போதாமல், சில சுற்றுகளில் பொறி விழாமல் போகிறது. அதைத்தான் நாம் வெட்டு என்று உணர்கிறோம்.

சாதாரண பெட்ரோல் காரில் பிளக் இடைவெளி 1.0, 1.1 மி.மீ. வரை இருக்கும், டர்போ என்ஜின்களில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ. வரைதான் என்பதற்கும் இதுவே காரணம். சாதாரண காரில் 0.2 மி.மீ. தேய்ந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாமலே போகலாம். டர்போவில் மலை ஏறும்போது தெரிந்துவிடும்.

அறிகுறி: ஏற்றத்தில், ஓவர்டேக் செய்யும்போது வெட்டுகிறது, மற்ற நேரத்தில் நன்றாக ஓடுகிறது

பிளக்கைச் சந்தேகிக்க இதை விடப் பொருத்தமான அறிகுறி கிடையாது. உறுதிப்படுத்த மலைக்குப் போக வேண்டியதில்லை. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நான்காவது கியரில் 1,800 ஆர்.பி.எம். அளவில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்துங்கள். 2,000 முதல் 3,000 வரை ஏறும்போது வெட்டினால் முதல் தடயம் கிடைத்துவிட்டது. அதே வேகத்தை இரண்டாவது கியரில் மென்மையாக அழுத்திப் பிடித்தால் வெட்டு வராது. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடில் போட்டுச் செய்யலாம்.

இந்தச் சோதனையின்போது செக் என்ஜின் லைட் விட்டு விட்டு எரிந்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். கன்வெர்டர் உருகினால் செலவு பிளக்கோடு ஒப்பிடவே முடியாது. லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வரை ஓட்டலாம். விட்டு விட்டு எரிந்தால் பூஸ்ட் ஏறாத அளவுக்குத்தான் மிதிக்க வேண்டும்.

அடுத்து ஸ்கேனர். காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீட்டை (கோடு) படிக்கும் சின்ன புளூடூத் ஓபிடி கருவி போதும். பி0300 என்றால் பொதுவாக மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் கலவை சரியாக எரியாமல் போவது. பி0301, பி0302, பி0303 என்றால் கடைசி எண்தான் சிலிண்டர். என் காரில் வந்தது பி0302. இதைப் பார்த்ததும் இரண்டாம் சிலிண்டர் காயிலை வாங்கிப் போடுபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம், காசில்லாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றாவதில் போட்டேன், மூன்றாவதை இரண்டாவதில். ஸ்கேனரில் அந்தக் கோளாறுக் கோடை அழித்துவிட்டு அதே சாலையில் அதே கியரில் ஓட்டினேன். மறுபடியும் பி0302. அப்படியானால் காயில் நல்லது. அப்புறம் இரண்டாவதின் பிளக்கை முதல் சிலிண்டரில் மாற்றிப் போட்டேன். இந்த முறை பி0301. பிளக்கோடு சேர்ந்து கோளாறும் இடம் மாறிவிட்டது. ஒரு மதிய நேர வேலை, ஒரு ரூபாய் செலவில்லை. காயிலை மாற்றியபோதே கோடு 3க்குப் போயிருந்தால் காயிலோ அதன் ரப்பர் உறையோ தான் குற்றவாளி. எதை மாற்றினாலும் கோடு 2லேயே நின்றிருந்தால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டரின் கம்ப்ரஷன் (அழுத்தம்) பக்கம் போக வேண்டும்.

கழற்றிய பிளக்கில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்தேன். கையேட்டில் இருந்தது 0.7 மி.மீ. ஆனால் 0.9 தகடு லேசாக நுழைந்தது.

இதே போலத் தோன்றி ஏமாற்றும் வேறு கோளாறுகளும் உண்டு. மிதித்தால் ஆர்.பி.எம். மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, வெட்டும் இல்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. வெட்டு இல்லாமல் சீராக, ஆனால் சோம்பலாக இழுக்கிறது, கூடவே 'உஸ்' என்று காற்றுச் சத்தம் என்றால் இன்டர்கூலர் ஹோஸில் கசிவு. பூஸ்ட் குறைவு என்று சொல்லும் பி0299 வந்தால் பார்க்க வேண்டிய முதல் இடம் அது. நீண்ட ஏற்றத்தில் முதலில் நன்றாக இழுத்து, போகப் போகத் தொய்ந்தால் பெட்ரோல் அழுத்தம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக் வெட்டு இப்படித் தொய்யாது. இரண்டு நல்ல அடி, ஒரு கெட்ட அடி என்று தாறுமாறாகத் துடிக்கும்.

அறிகுறி: சிக்னலில் நிற்கும்போது நடுங்குகிறது, ஓட ஆரம்பித்தால் சரியாகிவிடுகிறது

மூன்று சிலிண்டர் என்ஜின் ஐடிலில் கொஞ்சம் நடுங்குவது அதன் பிறவிக்குணம். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். சீரான நடுக்கம் சரி. அவ்வப்போது ஒரு துள்ளல் வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

தேய்ந்த பிளக் ஐடிலில் காட்டிக்கொடுப்பது குறைவு. கரி படிந்த பிளக், எண்ணெயில் நனைந்த பிளக் இரண்டும் ஐடிலில்தான் காட்டும். பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று இரண்டு கிலோமீட்டர் ஓடி அணைக்கும் காரில் அந்தச் சூடு வருவதே இல்லை. அப்படிப்பட்ட காரை வாரத்துக்கு ஒரு முறை பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பல கார்கள் அதிலேயே சரியாகும்.

காயிலை மேலே இழுக்கும்போது அதன் ரப்பரில் எண்ணெய் ஒட்டி வந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. வால்வ் கவர் கேஸ்கெட் அல்லது பிளக் குழியின் சீல் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புது பிளக் போட்டால், எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி மறுபடியும் மின்சாரம் ஒழுகும். குழி உலர்ந்திருந்து, பிளக்கின் அடிமுனை மட்டும் எண்ணெயாக இருந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள்ளிருந்தே வருகிறது. ரிங், வால்வ் சீல் என்று பெரிய விசாரணை.

அறிகுறி: காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம்

பேட்டரியை முதலில் பாருங்கள். நம் ஊர் வெயிலில் பேட்டரிதான் பிளக்கை விட முன்னால் சாகும். பேட்டரி நன்றாக இருந்து, ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றியும் நான்கைந்து வினாடி பிடிக்கவில்லை, பிடித்ததும் பெட்ரோல் வாசனை வருகிறது என்றால் பிளக்கைக் கழற்றலாம்.

அறிகுறி: மைலேஜ் மட்டும் குறைந்தது

இதை வைத்து மட்டும் பிளக் வாங்காதீர்கள். டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், இவற்றைப் பார்த்த பிறகு பிளக்குக்கு வரலாம்.

அறிகுறி: குறைந்த ஆர்.பி.எம்.மில் அழுத்தினால் 'டங்' என்று உலோகச் சத்தம்

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ என்ஜினில், உயர்ந்த கியரில் 1,500 ஆர்.பி.எம். அளவில் போய்க்கொண்டு முழுதாக மிதிக்கும்போது, பொறி விழுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. லோ ஸ்பீடு ப்ரீ இக்னிஷன் என்பார்கள். பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே வெடிப்பு அதைக் கீழே தள்ளப் பார்க்கும். ஒரே அடியில் பிளக்கின் பீங்கான் உடையலாம், பிஸ்டன் ரிங் இருக்கும் பகுதி பெயரலாம்.

சத்தம் கேட்டால் உடனே கியரைக் குறையுங்கள். பிளக்கைக் கழற்றிப் பீங்கான் மூக்கை நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். விரிசலோ சிறு சில்லு பெயர்ந்த இடமோ இருந்தால் சில்லு சிலிண்டருக்குள் போயிருக்கலாம். மேலும் ஓட்டக் கூடாது. மிளகுப்பொடி தூவியது போலக் கரும்புள்ளிகளோ, பளபளக்கும் மிகச் சின்ன அலுமினியத் துளிகளோ இருந்தால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) பல நாளாக நடக்கிறது. இங்கே பிளக்கை மாற்றுவது பாதி வைத்தியம்தான். என்ஜின் ஆயிலும் காரணமாக இருக்கலாம். இந்தப் பிரச்சினைக்கான சோதனையை ஆயில் தரங்களை வகுக்கும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ. 2018ல் எஸ்என் பிளஸ் தரத்திலும், 2020ல் எஸ்பி தரத்திலும் சேர்த்தது. உங்கள் கையேடு சொல்லும் தடிப்பில் எஸ்பி தர ஆயிலா என்று கேன் மேல் பார்த்து வாங்குங்கள்.

தவறான ஹீட் ரேஞ்ச் (முனையின் சூட்டை வேகமாக வெளியேற்றினால் குளிர்ந்த பிளக், மெதுவாக என்றால் சூடான பிளக்) பிளக்கும் இதைக் கிளப்பும். இதில் ஒரு குழப்பம் இருக்கிறது: என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் குளிர்ந்த பிளக், பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான பிளக். ஒரு கம்பெனி எண்ணை வைத்து இன்னொரு கம்பெனி பிளக்கைக் கடைக்காரர் உத்தேசமாக எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். பார்ட் நம்பரைச் சரிபார்த்துத்தான் போட வேண்டும்.

அறிகுறி ஒன்றும் இல்லை, கிலோமீட்டர் மட்டும் ஏறிவிட்டது

கையேட்டில் இருக்கும் எண்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டி ஒரு பிளக்கை நான் விட்டு வைப்பதில்லை. அதற்கு முன்பே மாற்ற வேண்டிய சூழ்நிலைகள் உண்டு.

சென்னை போன்ற நகர நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் 60,000 கி.மீ. ஓடிய கார் 3,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் சராசரி 60ல் ஓடியது 1,000 மணி நேரம். ஓடோமீட்டரில் இரண்டும் ஒன்று, பிளக்குக்கு ஒன்றல்ல. அது வேலை செய்வது பொறிக் கணக்கில். 2,000 ஆர்.பி.எம்.மில் ஒரு பிளக் நிமிடத்துக்கு 1,000 முறை பொறி விடுகிறது, மணிக்கு 60,000. நெரிசலில் ஆர்.பி.எம். குறைவு என்று கழித்தாலும் நகரக் காரின் பிளக் கூடுதலாகவே உழைத்திருக்கும். முழுக்க நகருக்குள் ஓடும் காரென்றால் கையேட்டு எண்ணில் நான்கில் மூன்று பங்கில் ஒரு முறை கழற்றி அளந்து பார்ப்பது என் வழக்கம்.

என்ஜினை ரீமேப் செய்தவர்கள், அதாவது கூடுதல் சக்திக்காக அதன் கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றியவர்கள், கையேட்டை மறந்துவிடலாம். பூஸ்டைக் கூட்டியாகிவிட்டது, அது பழைய என்ஜின் அல்ல. கையேடு சொல்லும் கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றுங்கள். இடைவெளி எவ்வளவு, ஒரு படி குளிர்ந்த பிளக் தேவையா என்பதை மேப் எழுதியவரிடமே கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, என் காரில் நடந்தது. "பிளக் மாத்தியாச்சு" என்று சொல்லித்தான் விற்றார்கள். அது பொய்யில்லை. ஆனால் போட்டிருந்தது நடுமுனையில் மட்டும் இரிடியம் உள்ள வகை. எதிரே இருக்கும் முனை சாதாரண நிக்கல். இரிடியம் உருக 2,446 டிகிரி வேண்டும், நிக்கலுக்கு 1,455 டிகிரி போதும். நடுமுனை அப்படியே இருக்க, எதிர்முனைதான் அரித்துப்போய் இடைவெளி அகன்றிருந்தது. 'இரிடியம்' என்று பெட்டியில் போட்டிருந்தாலும், எதிர்முனையில் பிளாட்டினமோ இரிடியமோ இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட நாள் வருவது அந்த வகைதான். முழு நிக்கல் பிளக்கை டர்போவில் போட்டிருந்தால் 20,000 கி.மீ.யில் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

கழற்றிய பிளக்கைத் தூக்கிப் போடும் முன்

எந்த சிலிண்டரில் இருந்து வந்தது என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி, வரிசையாக வையுங்கள். எல்லாம் ஒரே நிறத்தில், வெளிர் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் என்ஜின் ஆரோக்கியம். தொட்டால் கையில் ஒட்டும் காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஓட்டும் தூரம் குறைவு. சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகி, முனையில் கொப்புளம் இருந்தால் அதிகச் சூடு. கலவையில் பெட்ரோல் குறைகிறதா, கூலன்ட் அளவு என்ன என்று பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டால் அந்த சிலிண்டரில்தான் விஷயம் இருக்கிறது.

மேலே, வெள்ளைப் பீங்கான் உலோகத்துக்குள் நுழையும் இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று இருக்கும். புகை கசிந்த அடையாளம் என்று இதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அது உயர் மின்னழுத்தத்தால் எண்ணெய்த் துகள்கள் ஈர்க்கப்பட்டுப் படிந்த கறை, பாதகமில்லை. பீங்கானின் மேல் பென்சிலால் கோடு இழுத்தது போல மேலிருந்து கீழாக மெல்லிய கருங்கோடு இருந்தால்தான் ஆபத்து. பொறி உள்ளே பாயாமல் வெளிப்பக்கமாகவே ஓடியிருக்கிறது. அதே கோடு காயிலின் ரப்பர் உறைக்கு உள்ளேயும் பதிந்திருக்கும். உறையை மாற்றாமல் புது பிளக் மட்டும் போட்டால் பொறி பழைய பாதையிலேயே ஓடும். வெட்டும் சீக்கிரமே திரும்பி வரும். பிளக் மாற்றியும் தீரவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் கோட்டைத்தான்.

புதிதைப் போடும்போது

என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பெயர்ந்து வரலாம். காயிலை எடுத்ததும் பிளக் குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் பிளக்கைத் திருகி எடுத்த நொடியில் அது சிலிண்டருக்குள் விழும்.

புது பிளக்கின் இடைவெளியை அளந்தே போட வேண்டும். இரிடியம் நடுமுனை, மைக்ரோ டிப் பென்சிலின் 0.5 மி.மீ. லெட் அளவுக்குத்தான் தடிமன். அதன் மேல் கேஜை வைத்து நெம்பினால் உடையும். கம்பி வகை கேஜில் அளந்து, திருத்த வேண்டியிருந்தால் எதிர்முனையை மட்டும் வளையுங்கள். அந்த முனை பென்சில் லெட் போல இல்லாமல் தடித்து, ஓரம் மழுங்கி, ஒட்டவைத்த வெல்டு கோணலாக இருந்தால் போலியாக இருக்கலாம். போலி பிளக் சந்தையில் நிறைய இருக்கிறது. அதிகாரப்பூர்வ டீலரிடம் பில்லோடு வாங்குங்கள்.

கையால் கடைசி வரை திருகுங்கள். கையில் சுற்றவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி போடுங்கள். அதன் பிறகு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்). கையேட்டில் எண் இருந்தால் அதுவே. வாஷர் உள்ள பிளக்கை அலுமினிய ஹெட்டில் பொருத்தப் பொதுவான அளவு: 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. இப்போதைய சின்ன டர்போ என்ஜின்கள் பலவற்றில் 12 மி.மீ. மரைதான், பழைய காரில் பழகிய கையால் இறுக்கினால் தாங்காது. மரையில் கிரீஸ், ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை) எதுவும் வேண்டாம். பூச்சு போட்டே வரும் பிளக்குகளில் அதையும் தடவினால் அதே டார்க்கில் அதிகமாக இறுகிவிடும். காயிலின் ரப்பர் உள்வாயில் மட்டும் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் மிகக் கொஞ்சம் தடவலாம்.

எப்போதும் முழு செட்டாக மாற்றுங்கள். ஒன்று 0.9 ஆகியிருந்தால் மற்ற இரண்டும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். என் காரில் கெட்டது என்று காட்டியது ஒன்றுதான், மற்றவை 0.85லும் 0.8லும் இருந்தன.

காயில் கனெக்டர்களை 'டிக்' என்று கேட்கும் வரை அழுத்தி, ஸ்கேனரில் கோளாறுக் கோடுகளை அழித்துவிட்டு, முதலில் எந்தச் சாலையில் எந்தக் கியரில் வெட்டியதோ அங்கேயே ஓட்டிப் பாருங்கள். நான் இரண்டு வாரம் கழித்து அதே நான்கு பேரோடு, ஏசி போட்டு, ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி ஏறினேன். மூன்றாவது கியர், 2,000 ஆர்.பி.எம். ஸ்கேனர் செயலியில் மூன்று சிலிண்டர்களின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் திறந்து, பக்கத்து இருக்கையில் இருந்த தம்பியிடம் கொடுத்திருந்தேன். வளைவுக்கு வளைவு வாசித்துக்கொண்டே வந்தான். அட்டகட்டி வரை மூன்றிலும் பூஜ்யம்.